எட்டு முழம்

2001இல் ஒரு மாட்டுக்கு நோய் கண்டதும், ஜெர்மனியின் பான் நகருக்கு வெளியே இருந்த அந்தப் பண்ணையின் நாற்பத்தொரு மாடுகளையும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்றார்கள். மற்ற நாற்பதுக்கும் ஒன்றுமில்லை. வெறும் கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை, போருக்குத் தப்பி அகதியாக வந்திருந்த தவநாயகத்துக்கு வந்தது.

சுவருக்கும் தரைக்கும் அடித்துவிட்டுப் பூட்டினார். மறுநாள் காலை, கடைசித் தூணைச் சுற்றி வட்டமாகச் சுண்ணாம்பு நக்கி எடுக்கப்பட்டிருந்தது. அங்கே மாடு கட்டும் சங்கிலி இரண்டு முழம். வட்டத்தின் விளிம்பு தூணிலிருந்து எட்டு முழம். திரும்ப அடித்தார். மறுநாளும் அப்படியே.

வீட்டில் மனைவி இராசமலரிடம் சொன்னார்.

"ஊரைவிட்டு வெளிக்கிடேக்கை சிவப்பியை அவிட்டுத்தானே விட்டனீங்கள்?" என்றாள்.

"ஓம். எத்தினை தரம் கேப்பாய்?"

ஊரில் எல்லாரும் மாட்டுக் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் ஓடினார்கள். பின்னேரம் திரும்பிவிடலாம், அதுவரை மாடு களவுபோகக்கூடாது என்று எட்டு முழக் கயிற்றில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த நாள் மறுபடியும் சுண்ணாம்பு அடித்து, பண்ணைக்காரி சொன்னபடி சங்கிலிகளையும் கழற்றினார். போகும் அவசரத்தில் தண்ணீர் வாளியைக் கொட்டிலிலேயே மறந்துவிட்டார்.

காலையில் வட்டம் இருந்தது. வாளி அதற்கு ஒரு சாண் வெளியே நின்றது. தண்ணீர் குறையவில்லை. வாளி இருந்த பக்கம் மட்டும், தரை குளம்பு உரசி உரசிக் குழிந்திருந்தது.