கொடியில போடு

தொப்பென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு கூட்டமே சிரித்தது.

“டேய், அது மூட்டை கட்டு இல்லடா, துணி பிழி! பிழிடா, நல்லா பிழி!”

உயர்நிலைப் பள்ளியின் பயிற்சிக் கூடத்துக்கு வெளியே நின்றிருந்த சலவைக்கடை அக்காவுக்குக் காது சூடானது.

தன் கடைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் வாண்டுகளுக்கு மல்யுத்தம் சொல்லிக் கொடுப்பவள் அவள். பிடிகளின் பெரிய பெரிய பெயர்கள் அதுகள் வாயில் நுழையாது என்று, கைவசம் இருந்த பெயர்களையே வைத்தாள். துணி பிழி, மூட்டை கட்டு, நாலா மடி, கொடியில போடு. வளர்ந்ததும் இந்தப் பள்ளி அணிக்கு அனுப்பிவிடுவாள். பள்ளி மாஸ்டரோடு அவளுக்கு இருந்த வாய்ப்பேச்சு ஒப்பந்தம் அது.

இந்த வருஷம் அனுப்பியது குருவியை. போன சனிக்கிழமை, முதல் போட்டியிலேயே தோற்றுவிட்டாள்.

நேற்று குருவியின் அம்மா கடைக்கு வந்து பொருமித் தீர்த்தாள்.

“நம்ம பிடிப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்களாம் அக்கா. மல்யுத்தமே வேணாம்னு சுருண்டு படுத்திருக்கா.”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பாடுபட்டு வளர்ப்பது நாம், கோப்பை தூக்குவது இவர்கள், அதில் கேலி வேறா? இனி ஒரு பிள்ளைகூட இங்கே வராது. சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கதவைத் தள்ளினாள்.

மாஸ்டர் ஈரத் துடைப்பத்தால் மெத்தையின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில், வாசலை அடைக்கிற உடம்புள்ள ஒரு பையன் இன்னொருவனைத் தோளில் தூக்கிப் போட்டுத் திணறிக்கொண்டிருந்தான்.

விறுவிறுவென்று செருப்போடு மெத்தையில் ஏறினாள் அக்கா. மல்யுத்தம் தெரிந்தவர்கள் செத்தாலும் செய்யாத காரியம். சிரிப்பு அடங்கிப் போனது.

“என்ன மாஸ்டர், துணி வெளுக்கிறவ சொல்லிக் கொடுத்ததுன்னா அவ்வளவு இளக்காரமா?”

“அக்கா, நான் சொல்றத...”

“அக்காவும் வேணாம், தங்கச்சியும் வேணாம். தோத்துட்டு வந்த பிள்ளைய இப்படித்தான் தேத்துவீங்களா?”

மாஸ்டர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அவ தோக்கலக்கா. தோத்தது நான்.”

“என்னது?”

“கடைசி நேரம். எதிராளி கழுத்து இவ கைக்குள்ள. நான் புத்தகத்துல இருக்கிற பேரைச் சொல்லிக் கத்தினேன். இவ திருதிருன்னு என் முகத்தப் பாத்தா. அந்த நொடியில எதிராளி இவளப் புரட்டிட்டா. ‘துணி பிழி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பா.”

அக்கா மெத்தையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்க பிள்ளைங்க வந்ததும் அந்தப் பேரையெல்லாம் மறக்கடிக்கிறதுதான் இத்தனை வருஷமா என் முதல் வேலை. எவ்வளவு பெரிய மடத்தனம்! அதான், திங்கக்கிழமையிலேருந்து இங்க எல்லாரும் நீங்க வச்ச பேரைத்தான் படிக்கிறோம். எனக்கே நாக்கு குழறுது. அதைப் பாத்துத்தான் இதுங்க சிரிக்குது. குருவியையே சொல்லித் தரச் சொல்லலாம்னு இருந்தேன். வாசல்ல சிரிப்பைக் கேட்டதுமே திரும்பிப் போயிட்டா.”

“அக்கா!” தோளில் சுமையோடு நின்றவன் மூச்சு வாங்கினான். “கொடியில போட்டாச்சு. அடுத்து உதறணுமா, மடிக்கணுமா? சீக்கிரம் சொல்லுங்கக்கா, இவன் கனக்கிறான்.”

“முதல்ல இறக்குடா அவனை. மத்ததை நாளைக்குக் குருவி வந்து சொல்லித் தருவா.”

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள். வாசலிலிருந்து மெத்தையின் நடுவரை வரிசையாகச் செருப்புத் தடம். செருப்பைக் கழற்றி வெளியே வைத்தாள். சுவரோரம் இருந்த துடைப்பத்தை எடுத்து, மாஸ்டர் விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.