மூன்று முறை தோற்ற ஜீப்

"ஹேண்ட் பிரேக் பிடிக்கலையே. சரி பண்ணிக் கொண்டாங்க" என்றார் வாகனச் சோதனை அதிகாரி.

மெக்கானிக்கின் முகம் செத்துப்போனது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவனும் இரண்டு வருடமாகத் துருவைச் சுரண்டி, என்ஜினை இறக்கி ஏற்றி உயிர் கொடுத்த பழைய ஜீப் அது. சோதனைக்கு வந்தால் மட்டும் காலை வாரிவிடுகிறது. முதல் முறை ஹாரன் அடிக்கவில்லை, அடுத்த முறை விளக்கு எரியவில்லை.

"விடுப்பா, பாத்துக்கலாம்" என்று வாத்தியார்தான் அவனைத் தேற்றினார்.

நான்காவது சோதனை நாளில் மெக்கானிக் ஒரு மணி நேரம் முன்னதாகவே வாத்தியார் வீட்டுக்கு வந்துவிட்டான். ஜீப்புக்கு அடியிலிருந்து ஸ்பேனரோடு வெளியே வந்தவர் வாத்தியாரின் மனைவி.

"அம்மா, நீங்களா?"

அவர் தலை குனிந்தார். "பையன் போனப்புறம் ஒரு வருஷம் இவரு கட்டிலை விட்டு எழுந்திருக்கலை தம்பி. அவன் வாங்கிப் போட்டிருந்த இந்த ஜீப்பைத் தொட்டப்புறம்தான் குளிக்கிறாரு, சாப்பிடுறாரு. இது ஓட ஆரம்பிச்சுட்டா மறுநாள் எதுக்கு எழுந்திருப்பாரு?"

மெக்கானிக் அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார்.

"கிளம்பலாமாப்பா?"

"இல்ல சார்... கியர்பாக்ஸை இறக்கிப் பாக்கணும்."

"அதுக்கென்ன, இறக்கிடுவோம்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஜாக்கியை எடுக்க ஓடினார் வாத்தியார்.