ஓர் அளவு குறைவாக

பைக் ரைடிங் ஜாக்கெட் கடைக்குள் அந்தப் பெண் மறுபடியும் நுழைந்ததும் கடைக்காரர் பில் புத்தகத்தை மூடி வைத்தார். அவள் கணவனுக்கு முதல் தோல் ஜாக்கெட்டை விற்றவர் அவர்தான். பைக் விபத்தில் அவன் போய்ச் சேர்ந்தபோது மயானம் வரை நடந்தவரும் அவர்தான்.

“போன தடவை வாங்கினதும் தொளதொளன்னு இருக்காம்ண்ணே,” என்று அவள் பையைப் பிரித்தாள். உள்ளே இருந்த ஜாக்கெட்டின் வலது முழங்கை வழக்கம்போலத் தேய்ந்து, தையல் விட்டு, தார் அப்பியிருந்தது. “லூசா இருந்தா விழும்போது முழங்கை பேடு நகர்ந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க.”

ஒவ்வொரு முறையும் ஓர் அளவு குறைத்துக் குறைத்து, பெரியவர்களுக்கான அளவெல்லாம் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் சிறுவர் ஜாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“கவர்ல போடட்டுமாம்மா?”

“வேணாம்ண்ணே. நின்னுக்கிட்டுப் போட்டா தெரியாது, வண்டியில உக்காந்துதான் அளவு பாக்கணும்னு சொல்லுவீங்களே. அதான் இந்தத் தடவை அவரையே கூட்டிட்டு வந்துட்டேன்.”

அவள் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தாள். அளவு பார்ப்பதற்காகக் கடை நடுவில் நிறுத்தியிருந்த வண்டியின் சீட், யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல மெல்ல அமுங்கியது.