நாவலைக் கொன்ற படம்

“படத்தைப் பாத்துப்போட்டு நாவலைப் பற்றி எழுதியிருக்கிறீர். என்னைப் பேய்க்காட்டலாம் எண்டு நினைச்சீரோ?” என்று சொல்லி, சிவானந்தன் சேர் யதுஷாவின் ஆய்வேட்டை மேசையில் பொத்தென்று போட்டார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் தனியார் கல்வி நிறுவனத்தின் மேல்மாடி அது. யதுஷாவுக்கு அன்று முதுமாணிப் பட்டத்தின் வாய்மொழிப் பரீட்சை. ஒரு நாவல் படமாகும்போது அதற்கு என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

இன்றைக்குக் கையெழுத்து விழாவிட்டால், அடுத்த மாதம் கிடைக்கவிருக்கும் விரிவுரையாளர் வேலை கைவிட்டுப் போய்விடும். கொட்டாஞ்சேனையில் மூன்று வருசம் டியூஷன் கொடுத்து, தொண்டை கட்டக் கட்டப் படித்தவள் அவள்.

அவளுடைய ஆய்வு மேற்பார்வையாளரான சேரும் லேசுப்பட்ட ஆளில்லை. முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பமொன்றைப் பற்றிய பழைய நாவலொன்று நாலு வருசத்துக்கு முந்திப் படமாக வந்தது. அன்றையிலிருந்து ‘நாவலைக் கொன்ற படம்’ என்ற ஒரே பேச்சை வைத்துக்கொண்டு மனுசன் பேர் எடுத்துவிட்டார். வெள்ளவத்தையில் பேசினார், கொட்டாஞ்சேனையில் பேசினார், சூமில் கனடாக்காரருக்கும் பேசினார்.

எங்கே போனாலும் நாவலின் முதல் பதிப்பும் கூடப் போகும். ‘தம்பி சிவானந்தனுக்கு அன்புடன்’ என்று எழுத்தாளர் எழுதிக் கொடுத்த முதல் தாளை விரித்துக் காட்டுவார், சனமும் கைதட்டும். எழுத்தாளர் செத்துப்போனார், நாவல் மறுபதிப்பும் காணவில்லை. பிறகென்ன, எதிர்த்துக் கேட்க ஆரிருக்கினம்?

அந்தப் பிரதிக்காக யதுஷா அவர் பின்னால் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் ஒரு கூட்டத்தில் நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டாள். இல்லையென்று சொல்ல வழியில்லாமல், பெரிய மனசுக்காரரைப் போல எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு கிழமையில் அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அவர் கையில் கொடுக்கப் பயந்து, அலுவலகத்து நாகேஸ்வரி அக்காவிடம் கொடுத்துவிட்டு மெல்ல நழுவிவிட்டாள்.

இப்போது சேர் ஆய்வேட்டில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்ட இடத்தைத் தட்டினார். புருசன் கடலோடு போன பிறகு, பெண்சாதி அவனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு மீன் ஏலத்தில் போய் நிற்கும் காட்சி அது. படத்தில் வரும் அந்தக் காட்சி நாவலிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது என்று யதுஷா எழுதியிருந்தாள்.

“எந்தப் பொம்பிளை அப்பிடிப் போவாள்? டிரெக்டர் விசிலடிக்கிற கூட்டத்துக்காகச் செருகினது அது. நாவலில அப்பிடி ஒரு சொல்லும் இல்லை.”

“நூற்றி நாற்பத்து மூன்றாம் பக்கத்தில இருக்கு, சேர்.”

சேர் சிரித்தார். பக்கத்தில் இருந்த வெளிப் பரீட்சகர் டொக்டர் றேமண்டைப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யூடியூப்பில் பார்ப்பதுதான் வாசிப்பு என்று நக்கலடித்தார். வாசிப்பு என்ன விலை என்று கேட்கும் கூட்டம் இது என்றார். தான் அந்த நாவலை ஒன்பது தரம் வாசித்தவர், கரைத்துக் குடித்தவர் என்றும் சொல்லிக்கொண்டார். றேமண்ட் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

யதுஷாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்த மனுசனுக்கு முன்னால் ஒன்றரை வருசம் கைகட்டி நின்றதை நினைக்க, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள். வேலை வேணுமே.

அவள் பேசாமல் இருக்க இருக்க, சேருக்கு உசார் ஏறியது. டொக்டரும் கண்ணால் பார்க்கட்டும், இன்றைக்கே விசயத்தை முடிப்போம் என்று, நாகேஸ்வரியைக் கூப்பிட்டு, கண்ணாடி அலுமாரியிலிருந்து நாவலை எடுத்துவரச் சொன்னார். புத்தகம் வந்ததும் வழக்கம்போல முதல் தாளை விரித்து, எழுத்தாளரின் கையெழுத்தை றேமண்டுக்குக் காட்டினார். அதன் பிறகுதான் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்.

புரட்டிய கை அப்படியே நின்றது. முதல் தாளுக்கு அடுத்ததிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக, மேடும் பள்ளமுமாக இருந்தது. காட்சி இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்கு மறந்துபோனது.

“இதென்ன வேலை? என்ர புத்தகத்தை ஆர் இப்பிடி வெட்டினது? முப்பத்தெட்டு வருசம் ஒரு கீறல் விழாமல் வச்சிருந்தனான்.”

ஒரு புத்தகத்தை மதிக்கத் தெரியாத காட்டுமிராண்டிக்கு இலக்கியத்தில் பட்டமா என்று றேமண்டிடம் முறையிட்டார். இதற்குத் தான் கையெழுத்து வைக்கப் போவதில்லை என்று பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

றேமண்ட் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, வெட்டியது அவளா என்று யதுஷாவைக் கேட்டார்.

“ஓம் சேர், நான்தான்,” என்றாள். இவ்வளவு நாளும் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை.

பிறகு சிவானந்தன் சேர் பக்கம் திரும்பினாள்.

“அச்சகத்தில ஓரம் வெட்டாமல், மடிச்சபடியே மூடிக் கிடந்த தாள், சேர். வெட்டாமல் எப்பிடி வாசிக்கிறது?”