சூடு ஆறுவதற்குள்

கடைசல் வேலை பார்த்துச் செத்துப்போன ஒரு டர்னரின் லேத்தை வாங்கி வீட்டுப் பின்னறையில் போட்டேன். தண்ணீர் மோட்டாருக்கு இருபது மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, கடைந்தேன். சூடு ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் பத்தொன்பதரை. சூடு ஆறினால் முடியளவு சுருங்கும். அரை மில்லி சுருங்காது. அடுத்த இரண்டும் அப்படியே இளைத்தன.

டர்னரின் மனைவியிடம் கேட்டேன். "அடுத்தவங்க வேலை அவருக்குத் திருப்தியா இருக்காதுங்க. இன்னொரு தடவை ஓட்டிருவாரு," என்றார்.

நானும் லேசுப்பட்டவனல்ல. மீதி அரையை அவரே எடுக்கட்டும் என்று நான்காவதை இருபதரையில் நிறுத்திவிட்டு டீக்குப் போனேன். வந்து பார்த்தால் இருபதரையாகவே இருந்தது.

ஐந்தாவதை இருபதுக்குக் கடைந்துவிட்டு, ஆறும்வரை நகராமல் நின்றேன்.

"குழாயில தண்ணி வந்து மூணு நாளாச்சு. இங்க என்ன காவல்?" என்றபடி என் மனைவி டீயை அங்கேயே கொண்டுவந்தாள். இரண்டு டம்ளர்.

"எதுக்கு ரெண்டு?"

"உங்க பின்னால நிக்கிறவருக்கு."

நான் திரும்பவில்லை. இரண்டையும் நானே குடித்தேன்.