இன்னும் கொஞ்சம் காற்று

கோமளா மறுநாள் காலை அந்தச் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு மலையிறங்கிவிடுவாள். வீடு சிவநேசனுக்கு, கார் அவளுக்கு என்று முடிவாகியிருந்தது. பேசிப் பேசிக் கணவனும் மனைவியும் களைத்துப் போயிருந்தார்கள். இனிச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவன் கார் பானெட்டைத் திறந்து பார்த்தான். பிரேக் ஆயில் டிக்காஷன் மாதிரி கறுத்திருந்தது.

“இதோட அத்தனை வளைவும் எறங்க முடியாது. சூடேறுச்சுன்னா பிரேக் புடிக்காது.”

“கீழ போயி மாத்திக்கறேங்க.”

“கீழ போறதுக்குத்தான் பிரேக்கே வேணும்,” என்றான்.

ஆயிலை மாற்ற இரண்டு பேர் வேண்டும். அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவன் புது ஆயிலை ஊற்றிவிட்டு, சக்கரத்தைக் கழற்றி, குழாயும் பாட்டிலுமாகத் தரையில் படுத்தான்.

“மிதி. அப்படியே புடிச்சுக்க.”

அவன் பிரேக்கின் சின்ன நட்டைத் தளர்த்தியதும் பழைய ஆயில் காற்றுக் குமிழ்களோடு பாட்டிலில் இறங்கியது. பெடல் அவள் காலடியில் தொய்ந்தது. நட்டை இறுக்கிவிட்டு, “விடு” என்றான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதே வார்த்தைகள்தான். அவன் சொன்னதை அவள் இப்படி மறுத்துப் பேசாமல் செய்து வெகு நாளாகியிருந்தது.

கடைசிச் சக்கரத்தில் ஆயில் தெளிவாக வந்தது. அவன் நட்டை இறுக்கினான். பெடல் கல்லாக நின்றது. காற்று இருந்தால் பெடல் மெத்தென்று அமுங்கும்; குழாயில் காற்றே மிச்சமில்லை என்று அவள் காலுக்குத் தெரிந்தது.

“முடிஞ்சுதுங்களா?”

கீழே ஸ்பேனரை மறுபடியும் நட்டில் மாட்டும் சத்தம் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் காத்து இருக்குது. மிதி.”

அவள் மிதித்தாள்.