வெள்ளைக்காரர்கள் வந்த பந்தி

சிதம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்த கொளஞ்சிக்கு வயிறு எரிந்தது. எதிர் வரிசையில் முதுகு மூட்டையோடு இரண்டு வெள்ளைக்கார இளசுகள். பரிமாறுகிறவர் தட்டில் இருந்த கடைசி ஜாங்கிரியும் அவர்கள் இலைக்கே போனது. அவரைப் பார்த்து ஒருவன் கும்பிடு வேறு போட்டான்.

கையைக் கழுவிய கையோடு பெண்ணின் அப்பா சின்னதம்பியிடம் போனார்.

"அந்த வெள்ளக்காரங்க உங்க ஆளுங்களா, சம்பந்தி?"

"உங்க ஆளுங்கன்னுல்ல நெனச்சேன்."

"ஓசிச் சோத்துக்கு வந்திருக்கானுவோ. அழைக்காத எடத்துல கை நனைக்க வெக்கமா இல்ல?"

சின்னதம்பியின் சின்ன மகள் தமிழினி போய் இங்கிலீஷில் விசாரித்தாள். அவர்கள் போனை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு வருசமா நாடு நாடா சுத்துறாங்களாம்ப்பா. கம்மி காசுல ஊர் சுத்த டிப்ஸ் படிச்சிட்டு வந்தாங்களாம்."

"என்னா டிப்ஸு? சத்தமா படி, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார் கொளஞ்சி.

தமிழினி தமிழில் சொன்னாள். "கடலூர், சிதம்பரம் பக்கம் சாப்பாட்டுக்குச் செலவே இல்ல. கல்யாண மண்டபத்துக்குப் போங்க. நீங்க யாருன்னு ரெண்டு வீட்டுக்காரங்களும் கேக்க மாட்டாங்க. எந்த மண்டபத்துல சாப்பாடு நல்லாருக்கும்னு தெரியலன்னா, இவரு பின்னாடியே போங்க."

கீழே ஆறு போட்டோ. ஆறு மண்டபம், ஆறு இலை, ஒரே ஆள்.

சின்னதம்பி போனையும் கொளஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவுங்க கெடக்கட்டும். நீங்க எந்த வீடு, சம்பந்தி?"